வாக்குச் சீட்டை எழுதுவது யார்?

கவுன்சில் வீடுகளின் எதிர்காலம் பற்றிப் பிரிட்டனின் வாடகைதாரர்கள் நாற்பது ஆண்டுகளாகக் கருத்துச் சொல்லிவருகிறார்கள். அவர்கள் சொன்னது என்ன? கேட்டவர்கள் செய்தது என்ன?

2002 ஏப்ரலில் பிரிட்டனின் இரண்டு பெரிய நகரங்கள் தம் வாடகைதாரர்களிடம் ஏறத்தாழ ஒரே கேள்வியைக் கேட்டன. நகர கவுன்சிலுக்குச் சொந்தமான வாடகை வீடுகள் அனைத்தையும் தனி அமைப்புகளுக்குக் கைமாற்றிவிடலாமா என்பதே கேள்வி. இரண்டு நகரங்களிலும் 80 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் பேரத்தில் இருந்தன. கிளாஸ்கோவில் வாக்களித்தவர்களில் 58 சதவீதம் பேர் சம்மதம் என்றார்கள். பர்மிங்காமில் மூன்றில் இரண்டு பங்கினர் கூடாது என்றார்கள். அரசுக்கு வேண்டியவர்கள் கிளாஸ்கோக்காரர்கள் விவேகிகள் என்றும், பர்மிங்காம்காரர்கள் பழமையை விட மனமில்லாதவர்கள் என்றும் எழுதினார்கள். எதிர்முகாம் இதையே தலைகீழாகச் சொன்னது. இரு தரப்பும் முடிவுகளைத்தான் ஆராய்ந்தன, வாக்குச் சீட்டை ஆராயவில்லை. இரு நகரங்களிலும் ‘சம்மதம்’ என்ற பதிலுக்குப் பின்னால் பணம் இருந்தது. கிளாஸ்கோவின் வீட்டுக்கடன் 90 கோடி பவுண்டுக்கு மேல், பர்மிங்காமின் கடன் சுமார் 65 கோடி. கைமாற்றினால் அந்தச் சுமையை மத்திய அரசு இறக்கிவைக்கும், பழுதுபார்க்கப் புது முதலீடும் வரும். ‘கூடாது’ என்ற பதிலுக்குப் பின்னால் எதுவும் இல்லை. வீடு கவுன்சிலிடமே இருக்கட்டும், அதே கடன் தள்ளுபடியையும் அதே முதலீட்டையும் கவுன்சிலுக்கே தாருங்கள் என்று சொல்ல நினைத்தவருக்கு எந்த நகரத்தின் சீட்டிலும் கட்டம் இல்லை.

கவுன்சில் வீடுகளின் எதிர்காலத்தைப் பற்றிய விவாதம் முழுவதும் அந்த இல்லாத கட்டத்தைச் சுற்றித்தான் நடக்கிறது. வாடகைதாரர்களைக் கேட்கவே இல்லை என்று பிரிட்டிஷ் அரசுகளைக் குறைசொல்ல முடியாது. ஊர் ஊராகக் கேட்டிருக்கிறார்கள், வாக்கெடுப்பு நடத்தியிருக்கிறார்கள், அமைச்சர்களே நேரில் போயிருக்கிறார்கள். ஆனால் எந்தெந்த வழிகளுக்குள் தேர்ந்தெடுக்கலாம் என்பதை வாடகைதாரர் வருவதற்கு முன்பே வேறு யாரோ முடிவுசெய்திருப்பார்கள். பதிலுக்கு உரிமை உண்டு, கேள்விக்கு உரிமை இல்லை. கேள்வியைத் தாமே வகுக்கவும், கொடுத்த வாக்குறுதிகளைப் பின்னாளில் சட்டப்படி கேட்டு வாங்கவும் முடிந்த இடங்களில் மட்டுமே வாடகைதாரர் கருத்து வீடுகளின் கதியை மாற்றியிருக்கிறது. மற்ற இடங்களில் அது ஏற்கெனவே எடுத்த முடிவுக்கு வைத்த முத்திரையாகவே நின்றுவிட்டது.

உரிமையாளர் ஆனவர்களும் குரல் இல்லாதவர்களும்

கவுன்சில் வீடு என்பது நம்மூர் வீட்டுவசதி வாரியம் தவணை முறையில் விற்கும் வீட்டைப் போன்றதன்று. உள்ளாட்சி மன்றமே வீட்டைக் கட்டும், அதுவே காலங்காலமாக வீட்டுக்காரராக இருக்கும், சந்தை வாடகையைவிட மிகக் குறைந்த வாடகை வாங்கும். இந்த ஏற்பாடு மேலிருந்து கிடைத்த கருணை மட்டும் அல்ல. 1915-ல் போர்க்காலத்தைச் சாக்கிட்டு வாடகையை உயர்த்திய வீட்டுக்காரர்களுக்கு எதிராக கிளாஸ்கோவில் மேரி பார்பர் உள்ளிட்ட பெண்கள் முன்னின்று வாடகை மறுப்புப் போராட்டம் நடத்தினார்கள். அந்த ஆண்டே வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. போர் முடிந்ததும் 1919-ல் அடிசன் சட்டம் அரசு மானியத்தோடு வீடு கட்டும் கடமையை உள்ளாட்சிகள்மீது வைத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமைச்சர் அனூரின் பெவன் பொறுப்பில் லட்சக்கணக்கில் வீடுகள் எழுந்தன. 1949-ம் ஆண்டுச் சட்டம், இவை உழைக்கும் வர்க்கத்துக்கு மட்டுமே என்ற வரம்பையும் நீக்கியது. 1970-களின் இறுதியில் நாட்டின் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று கவுன்சில் வீட்டில் வாழ்ந்தது.

இந்த வரலாற்றைப் பொற்காலக் கதையாகச் சொல்வது எளிது. வாடகைதாரர்கள் அப்படிச் சொன்னதில்லை. லண்டன் மாநகர கவுன்சில் குடிசைகளை இடித்துக் கட்டி 1900-ல் திறந்த பவுண்டரி எஸ்டேட்டில், அந்தக் குடிசைகளில் இருந்தவர்களில் மிகச் சிலருக்கே இடம் கிடைத்தது. வாடகை அவர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. வாசல் கதவுக்கு என்ன நிறம் பூசலாம் என்பதைக்கூட அதிகாரிகளே தீர்மானித்த எஸ்டேட்டுகள் பின்னாளிலும் நிறைய இருந்தன. 1968-ல் கிழக்கு லண்டனின் நியூஹாமில், குடியேறி சில வாரங்களே ஆன ரோனன் பாயின்ட் அடுக்குமாடியின் ஒரு மூலை எரிவாயு வெடிப்பில் சரிந்து நால்வர் இறந்தனர். அந்த வகைக் கட்டடங்களை வேண்டுமென்று கேட்டவர்கள் வாடகைதாரர்கள் அல்லர். எல்லாவற்றையும்விட முக்கியமாக, 1980 வரை இங்கிலாந்தின் கவுன்சில் வாடகைதாரருக்குச் சட்டப் பாதுகாப்புள்ள குடியிருப்பு உரிமையே கிடையாது. காலி செய்யச் சொன்னால் எதிர்த்து நிற்கச் சட்டத்தில் பிடிமானம் இல்லை. கவுன்சில் நல்ல வீட்டுக்காரராக இருந்தால் நல்ல காலம், அவ்வளவுதான். கவுன்சில் வீட்டை இன்று வாடகைதாரர்கள் காக்க நினைப்பதை வெறும் பழம்பாசம் என்று ஒதுக்கிவிட முடியாததற்கு இதுவே காரணம். அதன் குறைகளை அவர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் யாரும் இல்லை.

அந்த உரிமையைக் கொடுத்த 1980-ம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டம்தான் மார்கரெட் தாட்சரின் பெயரோடு ஒட்டிக்கொண்ட வேறொன்றையும் கொடுத்தது. குடியிருக்கும் வீட்டைத் தள்ளுபடி விலையில் வாங்கும் உரிமை அது. தள்ளுபடி மூன்றில் ஒரு பங்கில் தொடங்கிப் பாதிவரை போனது, பின்னாளில் அடுக்குமாடி வீடுகளுக்கு 70 சதவீதம்வரை எட்டியது. இங்கிலாந்தில் மட்டும் சுமார் 20 லட்சம் வீடுகள் இப்படிக் கைமாறின. கவுன்சில் வீட்டைப் பற்றிய வாடகைதாரர்களின் உண்மையான கருத்து இதுதான், அவர்கள் காசோலையால் வாக்களித்துவிட்டார்கள் என்று வாதிடுவோர் உண்டு. எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதம் அல்ல அது. சொந்த வீடு என்ற ஆசை உண்மையானது, அதை அடைந்த குடும்பங்கள் பெற்ற நிம்மதியும் உண்மையானது. ஆனால் பாதி விலைக்கு வேண்டுமா என்ற கேள்விக்கு வேண்டும் என்று சொல்வது ஒரு குடும்பத்தின் கணக்கு. விற்ற வீட்டுக்கு ஈடாக இன்னொன்று கட்ட வேண்டாமா என்பது ஊரின் கணக்கு. இரண்டாவது கேள்வியை யாரும் யாரிடமும் கேட்கவில்லை. விற்ற பணத்தின் பெரும்பகுதியைப் புது வீடு கட்டச் செலவிடக் கூடாதென்று கவுன்சில்களின் கையை மத்திய அரசு கட்டிப்போட்டது. லண்டனில் அப்படி விற்ற வீடுகளில் பத்தில் நான்கு இன்று தனியார் வாடகைச் சந்தையில் இருக்கின்றன. கவுன்சில் ஒருகாலத்தில் குறைந்த வாடகைக்கு விட்ட அதே சுவர்களுக்குள் இன்னொரு குடும்பம் பல மடங்கு கொடுத்துக் குடியிருக்கிறது. ஸ்காட்லாந்து 2016-லும் வேல்ஸ் 2019-லும் இந்த விற்பனையை நிறுத்தின. இங்கிலாந்து நிறுத்தவில்லை. 2024 நவம்பரில் தள்ளுபடியின் உச்சவரம்பை இடத்துக்குத் தகுந்தபடி 16 ஆயிரம் முதல் 38 ஆயிரம் பவுண்டுவரை எனக் குறைத்தது.

மூன்று கதவுகள்

தனித்தனியாக விற்பது ஒரு வழி என்றால் மொத்தமாகக் கைமாற்றுவது அடுத்த வழி. 1988-ம் ஆண்டுச் சட்டம் ‘வாடகைதாரர் தேர்வு’ என்ற பெயரில் ஒரு திட்டம் கொண்டுவந்தது. வேறொரு வீட்டுக்காரர் வந்து கவுன்சில் வீடுகளைக் கேட்டால் வாடகைதாரர்கள் வாக்களிப்பார்கள். அந்த வாக்கெடுப்பின் விதி விசித்திரமானது. வாக்களிக்காதவர்கள் எல்லாரும் மாற்றத்துக்குச் சம்மதம் சொன்னவர்களாகக் கணக்கில் வருவார்கள். உலகில் எந்தத் தேர்தலும் இப்படி நடப்பதில்லை. அதே சட்டத்தின் இன்னொரு பகுதி, சில எஸ்டேட்டுகளைக் கவுன்சிலிடமிருந்து எடுத்துத் தனி அறக்கட்டளைகளிடம் கொடுக்க வழி செய்தது. அதற்கு முதல் வரைவில் வாக்கெடுப்பே கிடையாது. வாடகைதாரர்கள் திரண்டு எதிர்த்தார்கள், பிரபுக்கள் சபை வாக்கெடுப்பைச் சேர்த்தது. பிறகு அமைந்தவை மொத்தம் ஆறே அறக்கட்டளைகள். அவற்றை ஏற்ற இடங்களில், புதுப்பிக்கும் வேலை முடிந்ததும் கவுன்சிலுக்கே திரும்பும் உரிமை, வாடகைக்கு உத்தரவாதம் என நிபந்தனைகளைப் பேசி வாங்கிய பின்னரே மக்கள் வாக்களித்தார்கள்.

‘வாடகைதாரர் தேர்வு’ திட்டத்தை மிகத் திறமையாகப் பயன்படுத்தியவர்களும் வாடகைதாரர்களே. வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில் தன் வால்டர்டன், எல்ஜின் எஸ்டேட்டுகளைத் தனியார் கட்டுமான நிறுவனங்களுக்கு விற்க முனைந்தபோது, அங்கிருந்தவர்கள் தாங்களே ஓர் அமைப்பைத் தொடங்கி, சட்டம் சொல்லும் ‘வேறொரு வீட்டுக்காரர்’ நாங்கள்தான் என்று முன்வந்தார்கள். 1992-ல் 921 வீடுகள் அவர்கள் கைக்கு வந்தன. பழுதுபார்க்கும் செலவுக்குக் கவுன்சிலே அவர்களுக்குப் பணம் கொடுக்க வேண்டியதாயிற்று. கவுன்சில் வீடுகளைக் காக்கப் போராடுபவர்களின் மேடைகளில் இந்த உதாரணம் அதிகம் ஒலிப்பதில்லை. கவுன்சிலிடமிருந்து விலகிய கதை என்பதால் சங்கடம் போலும். ஆனால் வாடகைதாரர்களின் மனத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. பர்மிங்காம்காரர்கள் கவுன்சிலிடம் இருக்க வாக்களித்ததும், வால்டர்டன்காரர்கள் கவுன்சிலை விட்டு வெளியேற வாக்களித்ததும் ஒரே கணக்கில்தான். என்னைக் காலி செய்ய முடியாது, வாடகை எகிறாது, கூரை ஒழுகினால் யாரையாவது பிடித்துக் கேட்கலாம் என்ற மூன்றும் எந்தப் பக்கம் உறுதியாகக் கிடைக்குமோ அந்தப் பக்கம் அவர்கள் போனார்கள்.

2000-ல் டோனி பிளேர் அரசு, கவுன்சில்களும் வீட்டுவசதிச் சங்கங்களும் குறைந்த வாடகைக்கு விடும் சமூக வாடகை வீடுகள் எல்லாம் 2010-க்குள் ஒரு கண்ணியமான தரத்தை எட்ட வேண்டும் என்று அறிவித்தது. நல்ல நோக்கம். ஆனால் அதற்கான கூடுதல் பணத்துக்கு மூன்று கதவுகள் மட்டுமே திறந்திருந்தன. வீடுகளை வீட்டுவசதிச் சங்கத்துக்குக் கைமாற்றலாம், நிர்வாகத்தைத் தனி நிறுவனமாகப் பிரிக்கலாம், அல்லது தனியார் முதலீட்டு ஒப்பந்தம் போடலாம். வீடும் நிர்வாகமும் கவுன்சிலிடமே இருக்கட்டும் என்பவருக்கு அந்தப் பணம் இல்லை. ‘கவுன்சில் வீடுகளைக் காப்போம்’ இயக்கம் நான்காவது வழி என்று கேட்டது, கவுன்சிலில் நேரடியாக முதலீடு செய்வதைத்தான். 2004-ல் லண்டனின் கேம்டனில் 77 சதவீதம் பேர் நிர்வாகத்தைப் பிரிப்பதை நிராகரித்தார்கள். கைமாற்றத்தை நிராகரித்த எடின்பரோ, சுவான்சி, ரெக்சம் என்று பட்டியல் நீண்டது. அதே ஆண்டுகளில் வேறு பல ஊர்கள் சம்மதித்தன, இங்கிலாந்தில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் கைமாறின. சம்மதித்தவர்கள் ஏமாளிகள் அல்லர். ஜன்னல் மாற்ற வேண்டும், சமையலறை மாற்ற வேண்டும், வேறு வழியில் பணம் வராது என்று தெரிந்த பிறகு அவர்கள் செய்தது அறிவுள்ள முடிவு. அந்த முடிவைக் கைமாற்றக் கொள்கைக்குக் கிடைத்த மக்கள் ஆதரவு என்று எழுதியதில்தான் பிழை இருக்கிறது. காலம் அதைக் காட்டியும் கொடுத்தது. ஏறத்தாழ 70 வரை பெருகிய நிர்வாக நிறுவனங்களில் பெரும்பாலானவற்றைக் கவுன்சில்களே பின்னாளில் கலைத்து, வேலையைத் தங்கள் கைக்குத் திரும்ப எடுத்துக்கொண்டன. 2012-ல் கவுன்சில்களின் வீட்டுக் கணக்கு தன்னிறைவு முறைக்கு மாறியது, 2018-ல் கடன் வாங்கும் உச்சவரம்பும் போனது. நடக்கவே நடக்காது என்று சொன்ன நான்காவது வழி தாமதமாக, அரைகுறையாகத் திறந்தது.

‘கூடாது’ என்ற சொல்லின் ஆயுள்

ஒரு முறை கூடாது என்று சொன்னால் அது எத்தனை காலம் செல்லும்? தெற்கு லண்டனின் எய்ல்ஸ்பரி எஸ்டேட், பிரதமரானதும் பிளேர் தன் முதல் உரைக்குத் தேர்ந்தெடுத்த இடம். 2001-ல் அங்கே கைமாற்ற வாக்கெடுப்பு நடந்தது. 76 சதவீதம் பேர் வாக்களித்தார்கள், அவர்களில் 73 சதவீதம் பேர் எதிர்த்தார்கள். 2005-ல் சதர்க் கவுன்சில் எஸ்டேட்டை இடித்துக் கட்ட முடிவுசெய்தது, அந்த முடிவுக்கு வாக்கெடுப்பு வைக்கவில்லை. அருகிலிருந்த ஹெய்கேட் எஸ்டேட்டின் கதை இன்னும் வெளிப்படையானது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இருந்த அந்த எஸ்டேட்டின் நிலம் 5 கோடி பவுண்டுக்குத் தனியார் நிறுவனத்தின் கைக்குப் போனது. அங்கே எழுந்த 2,000-க்கும் மேற்பட்ட புது வீடுகளில் சமூக வாடகைக்கென்று திட்டமிட்டவை 82 மட்டுமே. இடிப்பதைப் பற்றிய கருத்துக்கேட்பு என்ற சடங்கு பல இடங்களில் நடந்தது. லாம்பெத்தின் கிரெசிங்ஹாம் கார்டன்ஸ் எஸ்டேட்டில், கருத்துக்கேட்பு நடந்துகொண்டிருக்கும்போதே புதுப்பிக்கும் வழிகளைப் பட்டியலிலிருந்து கவுன்சில் எடுத்துவிட்டது. அது சட்டவிரோதம் என்று 2015-ல் உயர் நீதிமன்றம் சொன்னது. எதைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதை வெட்டிவிட்டு எதைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்று கேட்பதை நீதிமன்றமும் ஏற்கவில்லை.

2018 ஜூலையில் லண்டன் மேயர் சாதிக் கான் புது விதி கொண்டுவந்தார். சமூக வீடுகளை இடித்துப் பெரிய அளவில் மறுகட்டுமானம் செய்ய மேயரின் நிதி வேண்டுமென்றால் குடியிருப்போர் வாக்கெடுப்பில் வெல்ல வேண்டும். இனி ஒரு கல்லையும் நகர்த்த முடியாது, குடியிருப்போர் எல்லாவற்றையும் தடுப்பார்கள் என்று எச்சரித்தவர்கள் இருந்தார்கள். நடந்தது நேர்மாறானது. அதன்பின் நடந்த வாக்கெடுப்புகளில் மிகப் பெரும்பாலானவை சம்மதத்தில் முடிந்தன. காரணம் எளிது. தோற்கவும் வாய்ப்புண்டு என்ற நிலை வந்ததும், திரும்பி வரும் உரிமை, வாடகை நிலை, வீட்டின் அளவு ஆகியவற்றை எழுத்தில் கொடுக்க வேண்டிய கட்டாயம் வீட்டுக்காரருக்கு வந்துவிட்டது. வாடகைதாரர்கள் மாற்றத்துக்கு எதிரிகள் என்ற பழைய குற்றச்சாட்டுக்கு இதைவிட வலுவான மறுப்பு வேண்டியதில்லை. இந்த விதியிலும் குறை உண்டு. ஒரே ஒரு திட்டத்துக்கு ஆம், இல்லை என்று மட்டுமே சொல்லலாம். இடிக்காமல் பழுதுபார்க்கும் வழியைச் சீட்டில் சேர்க்கும் உரிமை குடியிருப்போருக்கு இன்னும் வரவில்லை.

பெயரில் இருக்கும் அதிகாரம்

வாடகைதாரர் கையில் அதிகாரம் வேண்டும் என்ற வாதத்துக்கு எதிராக வைக்கக்கூடிய மிகக் கனமான சான்று 2017 ஜூன் 14 அன்று மேற்கு லண்டனில் 72 உயிர்களைப் பறித்த கிரென்ஃபெல் டவர் தீவிபத்து. கட்டடம் கென்சிங்டன் செல்சி கவுன்சிலுக்குச் சொந்தம். அதை நிர்வகித்தது ‘வாடகைதாரர் நிர்வாக அமைப்பு’ என்றே பெயர்கொண்ட, நிர்வாகக் குழுவில் குடியிருப்போரும் இருந்த நிறுவனம். இரண்டாவது சான்று ராச்டேலில் இருந்து வருகிறது. அங்கே 2012-ல் கவுன்சிலிடமிருந்து வீடுகளைப் பெற்ற அமைப்பு, வாடகைதாரர்களும் ஊழியர்களும் சேர்ந்து உரிமை கொண்டது என்று பெருமையோடு தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டது. அதன் ஃபிளாட் ஒன்றில் பூஞ்சை படர்ந்த காற்றைச் சுவாசித்து இரண்டு வயதுக் குழந்தை அவாப் இஷாக் 2020 டிசம்பரில் இறந்தது. பெற்றோர் ஆண்டுக்கணக்கில் புகார் சொல்லியிருந்தார்கள். வாடகைதாரர் கையில் அதிகாரம் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்கள் இந்த இரண்டுக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

பதில் இருக்கிறது. கென்சிங்டன் அமைப்பு ஒரு எஸ்டேட்டின் அமைப்பல்ல. அந்த வட்டாரத்தின் கவுன்சில் வீடுகள் முழுவதையும் நடத்திய பெரிய நிறுவனம் அது. குழுவில் சில நாற்காலிகள் குடியிருப்போருக்கு இருந்தன. ஆனால் கிரென்ஃபெல்லில் வாழ்ந்தவர்கள் தீயணைப்பு வசதி பற்றிப் பல ஆண்டுகள் எழுதிய புகார்கள் தொல்லையாகவே பார்க்கப்பட்டன. 2024 செப்டம்பரில் வந்த விசாரணை ஆணையத்தின் இறுதி அறிக்கை, நிர்வாகத்துக்கும் குடியிருப்போருக்கும் இடையே அவநம்பிக்கையும் கசப்பும் எவ்வளவு முற்றியிருந்தன என்பதை விரிவாகப் பதிவுசெய்கிறது. ராச்டேலிலும் உறுப்பினர் அட்டை கிடைத்தது, புகாருக்கு மறுமொழி கிடைக்கவில்லை. நாற்காலி வேறு, கட்டாயப்படுத்தும் உரிமை வேறு. வால்டர்டனில் இருந்தது இரண்டாவது, கென்சிங்டனிலும் ராச்டேலிலும் இருந்தது முதலாவது மட்டுமே. ராச்டேல் சாவுக்குப் பின் வந்த அவாப் சட்டம் இந்த வேறுபாட்டைத்தான் சட்டமாக்கியிருக்கிறது. 2025 அக்டோபர் 27 முதல், ஆபத்தான ஈரக்கசிவையும் பூஞ்சையையும் குறித்த கெடுவுக்குள் சமூக வீட்டுக்காரர்கள் சரிசெய்தாக வேண்டும், இல்லாவிட்டால் நீதிமன்றம் போகலாம். எந்தக் குழுவிலும் இடம் இல்லாத வாடகைதாரருக்கும் இது கையில் கிடைத்த ஆயுதம்.

கிரென்ஃபெல்லுக்குப் பின் அமைச்சர்கள் ஊர் ஊராகச் சென்று ஆயிரத்துக்கு நெருக்கமான குடியிருப்போரைச் சந்தித்தார்கள். 7 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுத்தில் கருத்து அனுப்பினார்கள். 2018-ல் வெளிவந்த அரசின் ஆவணம் அவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னதைத் தொகுத்தது. புகாருக்குப் பதில் வருவதில்லை, பாதுகாப்பு பற்றிச் சொன்னால் கேட்பதில்லை, கவுன்சில் வீட்டில் குடியிருப்பவர் என்றால் இளக்காரமாகப் பார்க்கிறார்கள். 2023-ல் சட்டம் வந்தது, 2024 ஏப்ரல் முதல் ஒழுங்காற்று ஆணையம் கவுன்சில்களையும் நேரில் ஆய்வுசெய்து தரம் பிரிக்கத் தொடங்கியது. தங்கள் வீடுகளின் நிலைமை தங்களுக்கே சரியாகத் தெரியாத கவுன்சில்கள் எத்தனை என்பது அதன்பிறகுதான் வெளிச்சத்துக்கு வந்தது. நாடு முழுவதும் ஒரே கேள்விகளோடு எடுத்த முதல் திருப்திக் கணக்கெடுப்பில் பத்தில் ஏழு வாடகைதாரர்கள் மொத்தத்தில் திருப்தி என்றார்கள். ஆனால் புகாரைக் கையாளும் விதத்தில் திருப்தி என்றவர்கள் மூன்றில் ஒருவர்தான். வீடு பரவாயில்லை, வீட்டுக்காரர் காது கேட்பதில்லை என்பதே இந்த இரண்டு எண்களும் சேர்ந்து சொல்லும் செய்தி. கவுன்சில் வீட்டின் எதிர்காலம் குறித்து வாடகைதாரர் கருத்தை ஒரு வரியில் எழுதச் சொன்னால் அதையே எழுதலாம்.

வரிசையில் நிற்பவர்கள் என்ன ஆவார்கள்?

நியாயமான எதிர்க்கேள்விகள் மூன்று மிச்சம் இருக்கின்றன. முதலாவது, வீடு கிடைத்தவர்களுக்கு வாக்குண்டு, கிடைக்காதவர்களுக்கு? இங்கிலாந்தில் சமூக வீட்டுக்குக் காத்திருக்கும் குடும்பங்கள் 13 லட்சத்துக்கு மேல். தற்காலிகத் தங்குமிடங்களில் இருப்பவை 1,20,000-க்கு மேல். அவர்களுக்காகக் கவுன்சில்கள் ஆண்டுக்கு 200 கோடி பவுண்டுக்கும் மேல் செலவிடுகின்றன. அடர்த்தியாகக் கட்டினால் இவர்களுக்கு இடம் கிடைக்கும் என்றால், இருப்பவர்களின் மறுப்பு இவர்களின் வாசலை அடைக்காதா? கேள்வி சரியானது, ஆனால் சான்று வேறு பக்கம் நிற்கிறது. வரிசை நீண்டது வாக்கெடுப்புகளால் அன்று. விற்ற வீடுகளுக்கு ஈடாகக் கட்டாமல் விட்டதால் நீண்டது. ஹெய்கேட்டில் இருந்தவர்களைக் கேட்காமல் இடித்ததில் வரிசையில் நின்றவர்களுக்குக் கிடைத்தது என்ன? சமூக வாடகை வீடுகள் அங்கே மொத்தத்தில் குறைந்தன. குறைந்த வாடகை வீடு ஒன்றுகூடக் குறையக் கூடாது என்று எஸ்டேட்டில் இருப்பவர் பிடிக்கும் பிடிவாதம், நாளை அந்த வீட்டுக்கு வரப்போகிறவருக்கும் காவல்தான்.

இரண்டாவது, வரிப்பணத்தில் கட்டிய பொதுச் சொத்துக்குக் குடியிருப்பவர் எப்படி எஜமானர் ஆவார்? கட்டும்போது பொதுப்பணம் போனது உண்மை. ஆனால் 2012 முதல் கவுன்சில் வீட்டுக் கணக்கு பெரும்பாலும் வாடகையில்தான் ஓடுகிறது. அந்தக் கணக்கைக் கலைத்தவர்களும் வாடகைதாரர்கள் அல்லர். முப்பது ஆண்டு வாடகையைக் கணித்துக் கவுன்சில்கள்மீது கடனை ஏற்றிய மத்திய அரசு, 2016 முதல் நான்கு ஆண்டுகள் வாடகையை ஆண்டுக்கு 1 சதவீதம் குறைக்க உத்தரவிட்டது. குறைப்பு வாடகைதாரருக்கு இனித்தது, பழுதுபார்க்கும் பணத்தைத் தின்றது. 2024-ல் சதர்க் கவுன்சில் முன்னெடுத்து நூற்றுக்கும் மேற்பட்ட கவுன்சில்கள் கையெழுத்திட்ட அறிக்கை, 2028-க்குள் 220 கோடி பவுண்ட் பற்றாக்குறை வரும் என்று எச்சரித்தது. வாடகை குறையட்டுமா, பழுது நீங்கட்டுமா என்று பணம் கட்டுகிறவரை யாராவது கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பது சுவையான கேள்வி. கேட்கவில்லை. மூன்றாவது எதிர்க்கேள்வி, வாக்களிப்பது உரக்கப் பேசும் ஒரு சிறு கூட்டம்தானே என்பது. எய்ல்ஸ்பரியில் நான்கில் மூன்று பேர் வாக்களித்தார்கள். இங்கிலாந்தின் உள்ளாட்சித் தேர்தல்களில் மூன்றில் ஒருவர் வாக்களிப்பதே வழக்கம். அந்த வாக்கில் வென்ற கவுன்சிலர்கள் இந்த வாக்கைச் சிறியது என்று சொல்வது பொருந்தவில்லை.

இன்று பிரிட்டனில் பணம் மறுபடி பேசத் தொடங்கியிருக்கிறது. 2025-ம் ஆண்டின் செலவுத்திட்டம் பத்தாண்டுகளில் 3,900 கோடி பவுண்டைச் சமூக, குறைந்த விலை வீடுகளுக்கு ஒதுக்கியது. 2026 ஏப்ரல் முதல் பத்தாண்டுகளுக்கு வாடகை ஆண்டுதோறும் பணவீக்கத்துக்கு மேல் 1 சதவீதம்வரை உயரலாம் என்றும் அறிவித்தது. அந்த உயர்வைத் தம் சம்பளத்திலிருந்தும் உதவித்தொகையிலிருந்தும் கட்டப்போகிறவர்களுக்கு நாடு தழுவிய சட்டபூர்வக் குரல் இன்னும் இல்லை. ‘தேசிய வாடகைதாரர் குரல்’ என்ற அமைப்பு ஒன்று 2010-ல் தொடங்கியது, ஆட்சி மாறியதும் அதே ஆண்டில் அதை மூடும் முடிவும் வந்தது. அதை மீட்பது முதல் வேலை. கைமாற்றமோ இடிப்போ மறுகட்டுமானமோ எதுவானாலும், வழிகளைப் பட்டியலிடும் கட்டத்திலேயே குடியிருப்போர் அமைப்பு தன் வழியையும் சேர்க்கும் உரிமை, அதைக் கணக்கிட்டுத் தயாரிக்கும் நிபுணர் செலவோடு சேர்த்து, அடுத்தது. எந்த வழியைத் தேர்ந்தாலும் அரசுப் பணம் ஒரே அளவில் கிடைக்கும் என்ற விதி மூன்றாவது. வாக்கெடுப்புக்கு முன் கொடுத்த வாக்குறுதியை மீறினால் வாடகைதாரர் நேரே வழக்குத் தொடுக்கலாம் என்பது நான்காவது.

இவை எதுவும் கவுன்சில்தான் சிறந்த வீட்டுக்காரர் என்று முன்கூட்டியே தீர்ப்பளிக்கவில்லை. சில ஊர்களில் வாடகைதாரர்கள் சங்கத்தைத் தேர்வார்கள், சில இடங்களில் தாங்களே பொறுப்பேற்பார்கள், பெரும்பாலான இடங்களில், இதுவரை காட்டிய போக்கைப் பார்த்தால், தேர்தலில் தோற்கடிக்க முடிந்த வீட்டுக்காரரையே விரும்பக்கூடும். பர்மிங்காமுக்கும் கிளாஸ்கோவுக்கும் கிடைக்காத கட்டத்தைச் சீட்டில் சேர்த்துவிட்டுக் கேட்டால் வரும் பதில் அரசுக்குப் பிடிக்காமல் போகலாம். அந்த வாய்ப்பை ஏற்கத் துணியாத அரசு கருத்துக் கேட்கிறேன் என்று சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை. தன் முடிவைத் தன் முடிவு என்றே அறிவித்து, அதற்கான விலையைத் தானே தேர்தலில் கொடுக்கட்டும்.